கையை எடு

மணி மூன்றரை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தம்பியின் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது.

முட்டுச்சந்தின் கடைசி வீடு அது. பழைய வீடு. முன்பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை, மூடிப் பல வருடங்கள் ஆகியிருக்கும். ஷட்டரில் துரு வழிந்து காய்ந்திருந்தது. பட்டறையை ஒட்டி ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து. அதன் முடிவில் கதவு. சத்தம் வராத வீடாக வேண்டும் என்று அலைந்து திரிந்து தம்பி பிடித்த இடம். "இங்க பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாதுக்கா. நான் கத்துனாக்கூட யாருக்கும் கேக்காது" என்று குடிவந்த அன்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள்.

எல்லோருக்கும் அவள் அக்காதான். வேலை செய்யும் இடத்தில் வயதில் மூத்தவள் என்பதால் டீம் லீடர்கூட அப்படித்தான் கூப்பிடுவான். இவன் ஒருவனுக்கு மட்டும் நிஜமான அக்கா. அம்மா போனபின் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்று நேற்று போன் செய்திருந்தான். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவன் கேட்டதுதான் அவளுக்கு உறுத்தியது.

கதவு திறந்தது. தம்பி பாதியாகியிருந்தான். உதடுகள் வெடித்திருந்தன.

"என்னடா இது, எலும்புக்கூடு மாதிரி நிக்கிற. பள்ளிக்கூடத்துல பாடம் நடத்த வாடகைக்கு விடலாம் போலிருக்கே."

அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சிரிக்க வைக்காதக்கா."

"என்னது?"

"சிரிக்க வைக்காத. கெஞ்சிக் கேக்குறேன்."

அவன் விளையாடவில்லை.

வெளியில் அவனுக்குப் பெயர் லொள்ளு. அடுத்தவர் போட்ட வீடியோவை ஓடவிட்டு, நடுநடுவே நிறுத்தி, கிண்டலடிப்பான். அதுதான் தொழில். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் திட்டுவதற்காகவே பார்த்தார்கள். "திட்டுறவனும் பாக்குறான்ல, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பான். மனசு புண்படுகிறது என்று யாராவது சொன்னால், மருந்துக்கடைக்குப் போகச் சொல்வான். அவன் சிரிப்புக்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு முட்டி, மேசையைத் தட்டி முடியும் சிரிப்பு. சின்ன வயதிலும் அப்படித்தான் சிரிப்பான். அதைக் கேட்பதற்காகவே அவள் அவனுக்குக் குரங்கு மாதிரி நடந்துகாட்டியிருக்கிறாள்.

அந்தச் சிரிப்பு வெளிவரும் அறைக்கு அவளை அழைத்துப்போனான்.

சுவர் நான்கிலும் கறுப்பு ஸ்பாஞ்சு. இருந்த ஒரே ஜன்னலையும் பலகை வைத்து அடைத்து மேலே ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தான். ஒரு மைக், ஒரு கேமரா, சுழல் நாற்காலி. கதவைச் சாத்தியதும் சத்தங்கள் செத்துப்போயின. அவளுடைய வளையல் ஒன்றோடொன்று பட்டது. அந்த ஒலிகூட கையிலேயே அடங்கியது.

பகலிலும் அங்கே இருட்டு. விளக்கைப் போட்டால் விளக்கைச் சுற்றி மட்டும் வெளிச்சம்.

ஏதோ ஒரு வாசனை. லேசானது. எண்ணெய் மாதிரி. சமையல் எண்ணெய் இல்லை.

"முதல்ல எடிட்டர்தான் கவனிச்சான்" என்றான் தம்பி. தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் பேசுறப்ப ஒண்ணும் இல்ல. சிரிக்கிற இடத்துல மட்டும் சத்தம் அமுங்குது. மைக் மாத்தினோம். வயர் மாத்தினோம். சரியாகல. அப்புறம் பாக்குறவங்களே கீழ எழுத ஆரம்பிச்சாங்க."

"என்னன்னு?"

"கையை எடுன்னு."

அக்கா மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

அந்த வாசனை என்னவென்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தையல் மெஷின் எண்ணெய்.

தையல்காரியை நாட்டில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு மெஷின், ஒரு மேசை, கழுத்தில் தொங்கும் அளவு நாடா, நடுவிரலில் ஊசி குத்தாமலிருக்க ஓர் உலோகத் தொப்பி. காலர் எப்படி வெட்டுவது, ஜிப் எப்படித் தைப்பது என்று வீடியோவில் சொல்லித்தருவாள். பார்ப்பவர் யாராக இருந்தாலும் அவளுக்கு மேடம்தான். "அவசரப்பட்டு இழுக்காதீங்க மேடம். துணி அதுவா வரும்." மேல்வரிசையில் இரண்டு பற்கள் முன்னால் தள்ளியிருக்கும். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியின் வெள்ளை படிந்த கை. சிரிப்பு விரலிடுக்கில் கசியும்.

அந்த வீடியோ ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு லொள்ளு ஒருநாள் சொன்னான்: "எம்மா, கையை எடு! உள்ள என்ன, ஆளையா ஒளிச்சு வெச்சிருக்க?"

பற்றிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் சொன்னார்கள். பஸ் கண்டக்டர்கள் சொன்னார்கள். பனியனில் அச்சடித்து விற்றார்கள். தையல்காரி எதைப் போட்டாலும் கீழே வரிசையாக அதே இரண்டு சொற்கள். அவள் கோபப்படவில்லை. எழுதிய ஒவ்வொருவருக்கும் பொறுமையாக ஒரு சிரிப்பு எமோஜி போட்டாள்.

"பாத்தியாக்கா, அவங்களே ஜாலியா எடுத்துக்கிறாங்க. நடுவுல இருக்கிறவங்களுக்குத்தான் வயிறு எரியுது" என்று தம்பி அப்போது சொன்னான்.

பிறகு ஒருநாள் தையல்காரி கையை எடுத்தாள்.

மெஷினை நிறுத்தினாள். கேமராவை நேராகப் பார்த்தாள். "எல்லாரும் இவ்வளவு ஆசையாக் கேக்குறீங்க மேடம். இதோ எடுத்துட்டேன். போதுமா?" கைகளை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். புதிதாக நடக்கப் பழகும் குழந்தையின் முகம் அப்போது அவளுக்கு.

அதன் கீழே தம்பி ஒரு வரி எழுதினான்.

'சரி சரி, மூடிடு.'

அதற்கு விழுந்த சிரிப்புக்கு அளவே இல்லை.

தையல்காரி அதற்குப் பிறகு எதுவும் போடவில்லை. கொஞ்ச நாளில் இறந்துபோனாள். தன் முடிவைத் தானே தேடிக்கொண்டாள் என்று செய்தி வந்தது. லொள்ளுவைத் திட்டினார்கள். திட்டியவர்களைச் சிலர் கிண்டலடித்தார்கள். கிண்டலடித்தவர்களை வேறு சிலர் திட்டினார்கள். பிறகு வேறு ஏதோ வந்தது. எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

"சத்தத்துல மட்டும்தான்னா பரவாயில்லையேக்கா" என்றான் தம்பி. குரல் கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது. உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால், தொடாமல், பிடித்துக்காட்டினான். "இப்படி வருது. சில்லுனு. சிரிச்சா வருது. நிறுத்தினா போயிருது. மொதல்ல ஒரு நொடி. அப்புறம் கொஞ்சம் அதிகமா. போன வாரம் லைவ்ல இருந்தேன். ஒருத்தன் சூப்பரா ஒண்ணு எழுதினான். சிரிச்சுட்டேன். வந்தது போகல. மூக்கையும் சேத்துப் பிடிச்சிருச்சு."

எடிட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்திருக்கிறான். தம்பி தரையில் கிடந்திருக்கிறான், முகம் நீலமாக. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நடிக்கிறான் என்று நினைத்தவர்கள் சிரிப்பு எமோஜிகளை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். செத்த மாதிரியே பண்றானே, இந்த வருஷ விருது இவனுக்குத்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நெஞ்சு நல்லா இருக்காம். பயமாம். மூச்சுப் பயிற்சி எழுதிக் குடுத்தாரு." கதவுப் பக்கம் கையைக் காட்டினான். "எடிட்டர் செருப்பைக்கூட விட்டுட்டு ஓடிட்டான். நடையில இன்னும் கிடக்கு. அக்கா, அடுத்த தடவை அது கையை எடுக்காது. எனக்குத் தெரியும்."

அக்காவுக்கும் ஒன்று தெரியும். அதை அவள் தம்பியிடம் சொன்னதில்லை.

தம்பி வீடியோ போடும் அதே தளத்தில் அவளுடைய வேலை புகார் பார்ப்பது. ஒருவர் எழுதியது இன்னொருவரைப் புண்படுத்திவிட்டது என்று வரும் புகார்கள். அவள் திரைக்கு வரிசையாக வரும். படித்துவிட்டு இரண்டில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இருக்கட்டும். அல்லது, நீக்கு. சேர்ந்த அன்றே டீம் லீடர் சொல்லித்தந்தது இது: வரியைப் பாருங்கள், யாருக்கு வலித்தது என்று பார்க்காதீர்கள், வலியை அளக்க நம்மிடம் கருவி இல்லை. கூடவே இன்னொன்றும் சொன்னான். தெரிந்தவர்கள் எழுதியது வந்தால் தொடவே கூடாது. மேலே தெரிவித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும்.

ஒரு மதியம், வரிசையில், 'சரி சரி, மூடிடு' வந்தது.

ஆயிரம் பேர் ஆயிரம் எழுதியும் புகார் செய்யாத தையல்காரி, முதல் முறையாக ஒரு புகார் செய்திருந்தாள். அந்த ஒரு வரியின் மேல்.

அக்கா அந்த வீடியோவைப் பார்த்தாள். கீழே வரியைப் படித்தாள். தம்பியின் படம் பக்கத்திலேயே இருந்தது.

அவனுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை. மூன்றாவது விழுந்தால் பக்கத்தையே மூடிவிடுவார்கள். பிழைப்பு போய்விடும். ஆனால் அதையெல்லாம் அவள் யோசித்தது பிறகுதான்.

முதலில் சிரித்தாள்.

வாய்விட்டு இல்லை. மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்பு. அடக்குவதற்குள் வந்துவிட்டது. பக்கத்து இருக்கை காலி. யாரும் பார்க்கவில்லை.

'இருக்கட்டும்' என்பதை அழுத்தினாள். புகார் கொடுத்தவருக்குத் தானாகவே ஒரு பதில் போயிற்று. நீங்கள் தெரிவித்ததைப் பரிசீலித்தோம். இது நகைச்சுவை. இதில் தவறு எதுவும் இல்லை.

"என்னக்கா, பேச்சையே காணோம்" என்றான் தம்பி.

"ஒண்ணும் இல்லடா. முதல்ல இந்த ஜன்னலைத் திறப்போம். சமாதிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு."

"அது ஒட்டுனதுக்கா. வராது."

"வராம எங்க போகும்?"

எழுந்து, இரண்டு கையாலும் ஸ்பாஞ்சின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். பலகையோடு பெயர்ந்துகொண்டு வந்தது. அக்கா மல்லாக்க விழுந்தாள். ஸ்பாஞ்சு அவள் தலையில் பசையோடு உட்கார்ந்தது, காதுவரை. ஜன்னல் வெயில் நேராக அவள்மேல் அடித்தது.

இரண்டு பேரும் அசையவில்லை.

"நல்ல பசைதான்" என்றாள் அக்கா, ஸ்பாஞ்சுக்குள்ளிருந்து, மிகவும் மரியாதையாக. "ஒட்டினவரு கைக்கு மோதிரம் போடணும்."

தம்பி உதட்டைக் கடித்தான்.

"சிரிக்காத" என்றாள் பதறிப்போய்.

அதுதான் தப்பாகிவிட்டது. அதற்குமேல் அவனால் முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. எத்தனையோ நாள் அடைபட்டிருந்த சிரிப்பு. கண்ணில் நீர் வர, தரையைத் தட்டி, "ராணி மாதிரி இருக்கக்கா" என்று—

பாதியில் நின்றது.

வாய் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அவன் இடது கன்னத்தில் நான்கு பள்ளங்கள் விழுந்தன. வலது கன்னத்தில் ஒன்று.

கண்கள் அவளைப் பார்த்தன. கால்கள் தரையை உதைத்தன. மூக்குத் துவாரங்கள் தட்டையாக ஒட்டிப்போயின.

அக்கா பாய்ந்தாள். அவன் முகத்துக்கு முன்னாலிருந்த காற்றைப் பிடித்து இழுத்தாள். காற்றில் கை இருந்தது. மெலிந்த கை. ஈரத் துணியைப் போலக் குளிர்ந்திருந்தது. நடுவிரலில் உலோகம் தட்டுப்பட்டது.

"கையை எடு!" என்று கத்தினாள். அவள் வாயில் வந்தது அதுதான். "கையை எடும்மா! கையை எடு!"

பள்ளங்கள் இன்னும் ஆழமாகின.

சொன்னது என்னவென்று அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

தம்பியின் உதைப்பு குறைந்துகொண்டே வந்தது. அவள் பிடியை விட்டாள். தரையில் மண்டியிட்டாள். தெரியாத ஒருத்தியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"சரி பண்ணிடறேன்" என்றாள். "நான்தான் அன்னிக்கு முடிவு பண்ணினவ. அவன் இல்ல. நான் சரி பண்ணிடறேம்மா. விட்டுரும்மா."

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு பள்ளமாக நிமிர்ந்தது. முதலில் சுண்டுவிரல் பக்கம். கடைசியில் கட்டைவிரல்.

தம்பி மூச்சை இழுத்த சத்தம், துணி கிழிவது போல் கேட்டது.

வெகுநேரம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வெள்ளையாக ஐந்து கோடுகள். முந்தானையால் துடைத்தாள். சுண்ணத் தூள்.

"நீ என்ன முடிவு பண்ணின?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல்.

சொன்னாள். அந்த வரி தன்னிடம் வந்ததை, அவனுடையது என்று தெரிந்தும் திறந்ததை, இருக்கட்டும் என்று விட்டதை. அவனைக் காப்பாற்றத்தான் என்று சொன்னாள். சிரித்ததைச் சொல்லவில்லை.

"இப்ப நீக்கினா உன் பக்கம் போயிரும்டா."

"போகட்டும்க்கா. மூச்சு இருந்தா போதும். வேற எதாவது பண்றேன். வெல்டிங் பண்றேன்."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். டீம் லீடருக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்கக்கா, லீவுல இருந்துக்கிட்டு என்ன போன்? வேலை மேல அவ்வளவு பாசமா?"

"ஒரு பழைய முடிவை மாத்தணும்ப்பா."

"உங்களுக்குத் தெரியாததா? முடிச்ச புகாரை நாமளா தொட முடியாது. புகார் குடுத்தவங்க மேல்முறையீடு பண்ணினாத்தான் மறுபடி திறக்கும்."

"அவங்க இல்ல."

"இல்லன்னா?"

"இறந்துட்டாங்க."

"ஐயோ பாவம். அப்ப விட்டுருங்க. பிரச்சினையே இல்லையே."

திரையில், காலியாக இருந்த வரிசையில், ஒன்று வந்து விழுந்தது.

மேல்முறையீடு. நேரம்: இப்போது. எழுதப்பட்ட வரி: 'சரி சரி, மூடிடு.' புகார் கொடுத்தவரின் சின்ன வட்டப் படம். வாயைப் பொத்திச் சிரிக்கும் பெண்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"மேல்முறையீடு வந்திருக்கு" என்றாள்.

"அதான் வந்திருச்சே, அப்புறம் என்ன? ஆனா முதல்ல பாத்தவங்களுக்கே திரும்ப வராதே. சிஸ்டம் கோளாறு போல. சரி, வந்தது வந்துருச்சு, மாத்திட்டு முடிங்க. முதல் முடிவு ஏன் தப்பாச்சுன்னு காரணம் கேக்கும். அவசரம்னு போட்டுருங்க. நாங்க எல்லாரும் அதைத்தான் போடுறோம்."

"அதுல ஒரு விஷயம் சொல்லணும்ப்பா."

"நாளைக்குச் சொல்லுங்கக்கா. மீட்டிங்குக்குக் கூப்பிடுறாங்க." வைத்துவிட்டான்.

அக்கா, 'நீக்கு' என்பதை அழுத்தினாள்.

வரி மறைந்தது. அந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று வந்தது. முதல் முடிவு தவறானதற்குக் காரணம். கீழே நாலைந்து பதில்கள். விதி புரியவில்லை. மொழி புரியவில்லை. எழுதியவரைத் தெரியும். அவசரம். கடைசியில், வேறு காரணம் என்று, எழுதுவதற்கு ஒரு வெற்று இடம்.

அந்த வெற்று இடத்தில் கோடு மின்னி மின்னி நின்றது.

அவள் கொஞ்சநேரம் அதைப் பார்த்தாள். எழுதியவரைத் தெரியும் என்பதை அழுத்தினால் வேலை போகும். தம்பியின் பிழைப்பும் இப்போது போய்விட்டது. வீட்டில் ஒருவருக்காவது சம்பளம் வேண்டும். வெற்று இடத்தில் எழுத வேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு சொல். யார் எழுதுவார்கள்?

'அவசரம்' என்பதை அழுத்தினாள்.

முடிந்தது.

மூடுவதற்கு முன் அந்த வட்டப் படத்தை மறுபடி பார்த்தாள். அதே பெண். அதே அளவு நாடா. வாய் திறந்திருந்தது, பற்கள் தெரிந்தன. சிரிப்பு என்று சொல்ல முடியவில்லை.

படத்தில் கை இல்லை.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல. முடிஞ்சுது."

தம்பி தன் போனை எடுத்துப் பார்த்தான். அவன் பக்கம் போயிருந்தது. இந்தப் பக்கம் இல்லை என்று ஒரு வரி மட்டும். அவன் அதை உற்றுப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தாள். மெல்லத் தலையைத் தூக்கி ஜன்னலோரம் கிடந்த ஸ்பாஞ்சைப் பார்த்தான். பிறகு அவள் தலைமுடியில் இன்னும் ஒட்டியிருந்த கறுப்புத் துணுக்கைப் பார்த்தான்.

சிரித்தான்.

அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வலிக்கப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றும் வரவில்லை. சிரிப்பு முழுசாக வெளியே வந்தது. ஜன்னல் வழியாகச் சந்துக்குப் போய், பட்டறைச் சுவரில் மோதித் திரும்பியது. கன்னங்கள் கன்னங்களாகவே இருந்தன. அவன் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு மறுபடியும் சிரித்தான், அழுகையும் சேர்ந்துகொண்டது.

"போயிருச்சுக்கா. போயிருச்சு."

"இருடா, டீ போட்டுட்டு வரேன். ரெண்டு பேருமே பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் பாத்திரங்கள் பல நாளாகக் கழுவாமல் கிடந்தன. ஒன்றைக் கழுவி, அடுப்பைப் பற்றவைத்தாள். அந்தப் பக்கம் தம்பி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் காதில் தேன் பாய்ந்தது. சின்ன வயதிலும் அப்படித்தான், சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான்.

டீ கொதித்து மேலே வந்தது. அடுப்பை அணைத்தாள்.

அணைத்த பிறகுதான் கவனித்தாள். சிரிப்பு மாறியிருந்தது.

அடிவயிற்றிலிருந்து இல்லை. மேசையைத் தட்டவில்லை. சின்னதாக, ஒரே அளவாக, விட்டு விட்டு வந்தது. கூச்சப்படுகிறவர்களின் சிரிப்பு.

"டேய்" என்று கூப்பிட்டாள்.

சிரிப்பு நின்றது.

இரண்டு டம்ளரில் டீயை ஊற்றினாள். கைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு நடந்தாள். நடையில் எடிட்டரின் செருப்பு கிடந்தது. அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே விளக்கு அணைந்திருந்தது. பலகை பெயர்த்த ஜன்னல் வழியாகச் செம்மண் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

எண்ணெய் வாசனை இப்போது லேசாக இல்லை.

தம்பி சுழல் நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வலது கால் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. தாளம் தவறாமல். மெஷின் மிதிக்கிற மாதிரி.

"டீ ஆறுது பாரு" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

கால் நின்றது. நாற்காலி மெதுவாகத் திரும்பியது.

தம்பியின் முகம்தான். மேலுதடு மட்டும் தூக்கியிருந்தது, உள்ளே இருப்பதை மூட முடியாதது போல. கைகள் இரண்டும் மடியில், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவன் எதையும் மறைக்கவில்லை. அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கேள்வி கேட்கக் காத்திருப்பவரின் மரியாதை இருந்தது.

அக்கா கத்த நினைத்தாள்.

உதட்டில் சில்லென்று ஏதோ பட்டது. பிறகு கன்னத்தில். பிறகு உலோகம், மூக்கின் ஓரத்தில்.

அவளுடைய இரண்டு கைகளிலும் டீ டம்ளர்கள் இருந்தன.

தம்பி தலையைச் சாய்த்தான். இதுவரை ஒரு நாளும் அவளை அப்படிக் கூப்பிடாத வாயால், மெல்லிய குரலில் கேட்டான்:

"மேடம், அதைப் படிச்சப்போ நீங்க சிரிச்சீங்களா?"